தவணை என்று ஒரு குறுஞ்செய்தி

போன வாரம் அலுவலகச் சாவியை ஒப்படைக்க வந்திருந்தேன். உங்கள் மூவரில் ஒருவர், யாரென்று சொல்ல மாட்டேன், போனில் குரலைத் தாழ்த்தி, வரிக் கணக்கு விஷயமாக ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எக்ஸ்டென்ஷன் எல்லாம் கேட்டா நல்லா இருக்காதுங்க. எப்படியாவது முப்பத்தொண்ணுக்குள்ள போட்டுருவோம்."

படி இறங்கினேன். பாதியில் நின்று மேலே ஏறினேன். மறுபடி இறங்கினேன். பரமட்டா ஸ்டேஷனில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறி, பெண்டில் ஹில்லில் இறங்கி, கிரவீன் வரை நடந்து, வீட்டுக் கதவைத் திறக்கும்போதும் அந்தச் சொல் கூடவே வந்தது. எப்படியாவது. ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவளுக்கு நிம்மதியாக ஒரு டீ குடிக்கும் உரிமை இல்லையா? இல்லை போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

'எப்படியாவது' என்ற சொல்லை வைத்துத்தான் நானும் தொழிலைத் தொடங்கினேன். என் முதல் அக்டோபர் இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளியே ஜகரண்டா மரங்கள் ஊதாவாக எரிந்துகொண்டிருந்தன. உள்ளே நான் எரிந்துகொண்டிருந்தேன். வெள்ளைப் பலகையில் மீதியிருக்கும் வரிக் கணக்குகளின் எண்ணிக்கையை எழுதி, ஒவ்வொன்றாக அழித்து, மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் பூஜ்ஜியம் போட்டேன். கேக் வெட்டினோம். பக்கத்து மேசைப் பெண்மணி மட்டும் கேக்கைத் தொடவில்லை. இருபது வருடம் டாக்ஸ் ஏஜென்டாக இருந்தவள். அந்தக் கடைசி நாளிலும் மதியம் ஒரு மணிக்கு ஆற்றங்கரைக்குப் போய் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்தவள். அவளுடைய மேசைமேல் இன்னும் ஒரு கட்டுக் கோப்புகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் நேரம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

பிப்ரவரியில் அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். நான் அவசரமாக அனுப்பியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மூடிய வங்கிக் கணக்கின் வட்டி. தாமதமாக வந்து சேர்ந்த முதலீட்டு அறிக்கை. ஒரு நர்ஸ் மறந்தே போன இரண்டாவது வேலை. எல்லாவற்றையும் திருத்தினேன். திருத்தம் என்றால் என்ன தெரியுமா? அதே வேலையை இரண்டாம் முறை, தலையைக் குனிந்துகொண்டு செய்வது.

அந்தப் பெண்மணி அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "உனக்கு நேரம் போதாதென்று தெரிந்தபோது, ஏன் கேட்கவில்லை?" யோசித்துப் பார்த்தால், நேரம் கேட்பது கெட்ட பழக்கம் என்று எனக்கு யாருமே சொல்லித் தந்ததில்லை. எப்படியோ தெரிந்து வைத்திருந்தேன். நம் ஆட்கள் எல்லோருமே தெரிந்து வைத்திருக்கிறோம். அதுதான் நோய்.

விதிகளை நான் சொல்லப் போவதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அக்டோபர் முடிவதற்குள் நம் வாடிக்கையாளர் பட்டியலில் சேர்ந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த வருடம் வரைக்கும் தானாகவே நேரம் கிடைத்துவிடும். பழைய பாக்கி உள்ளவர்களுக்கு அது கிடையாது. அவர்களுக்குத் தனியாகக் காரணம் எழுதிக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் விதி. எனக்குப் பிரச்சினை விதியால் வரவில்லை. ஒரு சொல்லால் வந்தது.

எனக்கு முதலில் அமைந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் தமிழ்நாட்டுக்காரர்கள். நான் விருதுநகர்க்காரி, என் வாயில் இயல்பாக வரும் சொல் 'வாய்தா'. ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஐடி தம்பி ஒருவரிடம், "வாய்தா கேட்டுரலாமா?" என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், நான் என்ன அரசியல்வாதியா, வாய்தா வாங்க?"

அவருடைய மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். நியாயம்தான். நம் ஊர்ச் செய்திகளில் வாய்தா வாங்குகிறவர்கள் யாரென்று பார்த்தால், அந்தச் சொல்லை எந்த நல்ல மனிதரிடமும் பிரயோகிக்கக் கூடாது. அன்றோடு வாய்தாவை விட்டேன். மாற்றாக ஒன்று தேடினேன். 'கால நீட்டிப்பு' என்றால் அரசாங்கக் கடிதம் பேசுவது போல இருந்தது. 'தவணை' என்று சொல்லிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. மூன்றே எழுத்து, ஒரு மிரட்டலும் இல்லை. தவணை வாங்கித் தருகிறேன், தவணை கிடைத்துவிட்டது. அழகாகத்தானே இருக்கிறது? ஐந்தாறு வருடம் இந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் புழங்கினேன்.

பிறகு சிவகுமார் வந்தார்.

அக்டோபர் முப்பதாம் தேதி, காலை பதினொரு மணி. டைல்ஸ் ஒட்டுகிற தொழில். பெரிய கைகள், விரல் நகங்களின் ஓரத்தில் சிமெண்ட் வெண்மை. யாழ்ப்பாணத்துக்காரர். கப்பலில் வந்து, வில்லாவுட் முகாமில் நீண்ட நாள் இருந்து, பிறகு ஒவ்வொரு விசாவாகப் படியேறி, இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அது கிடைத்தால்தான் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் கிடைத்தால்தான் டொராண்டோவில் இருக்கும் ஒரே அக்காவை, இங்கே வந்த பிறகு முதன்முறையாக, போய்ப் பார்க்க முடியும். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி சுதா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார்.

"இண்டைக்கே போட்டுவிடுங்கோ அக்கா," என்றார் சிவகுமார். "எவ்வளவு வந்தாலும் கட்டுறன். நாளைக்குக் கடைசி நாள். எனக்கு இந்த ரக்ஸ் கணக்கில ஒரு பிரச்சினையும் வரக்கூடாது."

முந்தைய வருடத்துக் கணக்கும் போடாமல் கிடந்தது. அதனால் தானாகக் கிடைக்கும் நேரம் இவருக்கு இல்லை. நாளைதான் உண்மையாகவே கடைசி நாள். சரி என்று உட்கார்ந்தேன். அவர் வேலை பார்த்த கட்டட முதலாளி கொடுத்த தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. கையெழுத்து வாங்கி அனுப்பினால் பத்து நிமிட வேலை.

ஆனால் என் கை நகரவில்லை. இதை உங்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கு சரியாக இருந்தது. மனிதர் சரியாக இல்லை. ஜூலையில் தொடங்கும் வரி வருடத்தின் முதல் ஆறு மாதத்தில் அவர் சம்பாதித்ததாகக் கணக்கு சொன்ன தொகைக்கு, ஒரு ஆள் சாப்பிடாமல் தூங்காமல் டைல்ஸ் ஒட்டியிருக்க வேண்டும். ஜனவரிக்குப் பிறகு சரிபாதியாகக் குறைகிறது. அதே முதலாளி, அதே வேலை.

"ஜனவரிக்கு முன்னாடி உங்களுக்கு எத்தனை கை இருந்துச்சு?" என்று கேட்டேன்.

சிவகுமார் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். சுதா அவரைப் பார்த்தார்.

"சொல்லுங்கோவன்," என்றார் சுதா.

"ஒண்டுமில்லை."

"அக்கா, இவர் ஆரிட்டையும் ஒரு பேனை கேக்கிறதெண்டாலும் ரெண்டு நாள் யோசிப்பார். வாயைத் திறக்க மாட்டார். நான் சொல்லுறன். அது உதயன்ர காசு."

உதயகுமார் என்று ஒருவர். அதே இடத்தில் பெயிண்ட் அடித்தவர். வேலை செய்ய அனுமதி இருந்தது. வங்கிக் கணக்குத் திறக்க வேண்டிய பேப்பர் ஒன்று மட்டும் எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது. முதலாளிக்கு இரண்டு பேரும் 'குமார்'தான். "உங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறேன், நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிவகுமார் வங்கிக்குப் போய், பாதியை எடுத்து, உதயகுமார் கையில் கொடுத்திருக்கிறார். ஜனவரியில் உதயகுமார் அந்த வேலையை விட்டு வேறு ஊர் போய்விட்டார். இப்போது அரசாங்கத்தின் கண்ணில் எல்லாம் சிவகுமாரின் சம்பாத்தியம்.

"அப்ப இது உங்க வருமானமே இல்லையே. எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?"

"போடுறன் அக்கா. அவன்ர பேரை இழுக்க வேண்டாம். அவனுக்கும் இன்னும் பேப்பர் முடியேல்லை. நானே கட்டிப்போட்டு இருக்கிறன்."

"கட்டுறது உங்க இஷ்டம். ஆனா கீழ ஒரு வரி இருக்கே, இதெல்லாம் உண்மைன்னு. அதுக்குக் கீழதான் கையெழுத்து. உங்களுக்கே பொய்னு தெரிஞ்சதுல கையெழுத்துப் போட்டுட்டு, அந்தப் பக்கம் குடியுரிமை கேட்கப் போறீங்களா? நாலு வாரம் நேரம் கேட்போம். அதுக்குள்ள உதயகுமார்கிட்ட, பாதிப் பணம் தன்னோடதுன்னு ஒரு எழுத்து வாங்கிட்டு வாங்க. ரெண்டு பேருக்குமே அதுதான் நல்லது."

'கேட்போம்' என்றதும் அவர் முகம் மாறியது.

"கேக்க வேண்டாம் அக்கா." குரல் கெஞ்சியது. "நான் வில்லாவுட்டில இருக்கேக்க ஒரு நாள் இன்னொரு போர்வை கேட்டனான். முகாம்காரர் அதை ஒரு தாளில எழுதினவை. ஏன் கேட்டனான், எப்ப கேட்டனான், எல்லாம். பேந்து, கன நாள் கழிச்சு, விசா இண்டர்வியூவில அந்தத் தாள் மேசையில கிடந்தது. என்னத்துக்கு எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அண்டைக்குப் பிறகு நான் ஒண்டும் கேக்கிறேல்லை."

இளையவர்களே, நம் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர் தேதியைக் கண்டு பயப்படுகிறார் என்று நாம் நினைக்கிறோம். பலரும் தேதியைக் கண்டு பயப்படுவதில்லை. கேட்பதைக் கண்டு பயப்படுகிறார்கள். இன்னொருவனுடைய வரியைக் கட்டுவதுகூட அவர்களுக்குச் சுலபம். ஒரு படிவத்தில் 'தயவுசெய்து' என்று எழுதுவது கஷ்டம்.

நான் பேனாவை மூடி வைத்தேன். "நான் இதை அனுப்ப மாட்டேன்," என்றேன். "வேற ஏஜென்ட்கிட்டப் போறதுன்னா போங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா கேட்கிறது நீங்க இல்ல. நான் கேட்கிறேன். என் பேர்ல, என் ஏஜென்ட் நம்பர்ல. திட்டு வந்தா எனக்குத்தான்." கொஞ்சம் மிகைப்படுத்தினேன். யாரும் திட்டப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு குடை கொடுத்தால்தான் அவர் மழையில் இறங்குவார் போலிருந்தது.

இன்னொன்றும் சொன்னேன், இதை நீங்களும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். கணக்குப் போடத்தான் நேரம் கிடைக்கும், பணம் கட்ட அல்ல. கட்டவேண்டிய நாள் அதே இடத்தில் அசையாமல் நிற்கும். அதைக் கேட்டதும்தான், நம்புங்கள், சிவகுமாருக்கு முகம் தெளிந்தது. "கட்டுறது பயமில்லை அக்கா. அதை முன்னுக்கே கொஞ்சம் கட்டி வைக்கிறன்." அவருடைய உண்மையான பங்குக்கு உத்தேசமாக ஒரு தொகை சொல்லி அனுப்பினேன். முந்தைய வருடத்துக் கணக்கில் சிக்கல் இல்லை. அதை அன்றே முடித்து அனுப்பிவிட்டேன்.

பிற்பகல் விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன். காரணம் எழுதும் பெட்டி சின்னது. அதற்குள் மனம் அலைந்தது. போர்வையைப் பற்றி எழுதலாமா? டொராண்டோ அக்காவைப் பற்றி? எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், ஒரு காபி, மறுபடி நடை. கடைசியில் மூன்றே வரி. இவருடைய கணக்கில் இன்னொருவரின் வருமானமும் சேர்ந்து வந்திருக்கிறது. அவரிடமிருந்து உறுதிமொழி பெற வேண்டும். நான்கு வாரம் வேண்டும். அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. நான்கு வாரம் என்று கேட்டது நான்கு வாரத்தில் முடியும் என்று நான் நம்பியதால். முடியாத நாளைக் கேட்காதீர்கள். தவறவிட்டால், அடுத்த முறை நேரம் கேட்கும்போது அது உங்கள் முகத்தில் எழுதியிருக்கும்.

கிடைத்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. உடனே சிவகுமாருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன்:

"உங்களுக்குத் தவணை கிடைத்துவிட்டது. நவம்பர் 28, வெள்ளி. எல்லாப் பேப்பரோடும் பரமட்டாவுக்கு வந்துவிடுங்கள்."

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "ஓம் அக்கா."

பத்து நாள் கழித்து நானே கூப்பிட்டேன். குரல் ஒரு மாதிரி இருந்தது. "வாறன் அக்கா. அண்டைக்குக் கட்டாயம் வாறன். ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரலாமோ?" சுதாவைச் சொல்கிறார் என்று நினைத்து, "தாராளமா, இதென்ன கேள்வி," என்றேன். "ஷேர்ட் எப்பிடி, நீளக் கையோ?" என்றார். இந்த மனிதருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லையா என்று சிரித்துக்கொண்டே, "உங்க இஷ்டம்," என்றேன். சிரித்தேன், பாருங்கள். காதில் விழுந்ததைக் கேட்கவில்லை.

நவம்பர் 28. காலை ஒன்பதே கால். உதயகுமாரின் எழுத்து எதுவும் என் கைக்கு வந்திருக்கவில்லை. அன்று மாலைக்குள் வராவிட்டால் என்ன செய்வதென்று மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அக்கா, நாங்கள் வந்திட்டம். எத்தினையாம் மாடி?"

"ரெண்டாவது மாடிதான், எப்பவும் வர்றதுதானே."

"ரெண்டாம் மாடியில எங்கட பேர் இல்லை அக்கா. லிஸ்ட் பாத்தனாங்கள்."

"என்ன லிஸ்ட்? நீங்க எங்க இருக்கீங்க?"

"கோட்டில நிக்கிறம்."

"எந்தக் கோட்டுல? வரிசையிலயா நிக்கிறீங்க?"

"வரிசை இல்லை அக்கா, கோட்டில. பெரிய கோட்டில. இஞ்ச ஒரு வெள்ளைக்காரன் பெல்ட்டைக் கழட்டச் சொன்னவன். சுதாவின்ர சாப்பாட்டுப் பெட்டியையும் மெஷினுக்குள்ள விட்டு எடுத்தவன்."

போனுக்குப் பின்னால் சுதாவின் குரல்: "அக்காவைக் கெதியா வரச் சொல்லுங்கோ, ஜட்ஜ் வந்திடப் போறார்."

ஜட்ஜ்.

ஒரு கணம் ஒன்றுமே புரியவில்லை. அடுத்த கணம் எல்லாமே புரிந்தது. யாழ்ப்பாணத்தில் 'கோடு' என்றால் கோர்ட். அங்கே வழக்குக்குத்தான் தவணை போடுவார்கள். என் அழகான, மெத்தென்ற, மூன்றெழுத்துச் சொல்லை அந்த மனிதர் நான்கு வாரம் நெஞ்சில் கல்லாகச் சுமந்திருக்கிறார். உங்களுக்குத் தவணை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை. எல்லாப் பேப்பரோடும். பரமட்டாவுக்கு, நம் அலுவலகத்துக்கு நாலு தெரு தள்ளிக் கோர்ட்டும் இருக்கிற பரமட்டாவுக்கு. நான் அவருக்கு நேரம் வாங்கித் தரவில்லை. வழக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன்!

ஓடினேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், செருப்போடு, கையில் மடிக்கணினியோடு, பரமட்டா நடைபாதையில், உதிர்ந்து கிடந்த ஊதாப் பூக்களில் வழுக்கி வழுக்கி ஓடியதைப் பார்த்த அத்தனை பேரிடமும் இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கோர்ட் வாசலுக்கு உள்ளே நீண்ட பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிவகுமார் இஸ்திரி போட்ட வெள்ளை நீளக்கைச் சட்டையில், கழுத்துப் பொத்தான்வரை பூட்டி. சுதா பட்டுச் சேலையில். மூன்றாவதாக ஒரு ஒல்லி மனிதர், கசங்கிய ஜாக்கெட்டில், கண் சிவந்து, மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தபடி.

"அக்கா, இவன்தான் உதயன்," என்று சிவகுமார் எழுந்து நின்றார். "சாட்சிக்குக் கொண்டு வந்தனான்."

"மெல்பேர்ண்ல இருந்து வாறன் அக்கா," என்றார் உதயகுமார். "பஸ்ஸில. பன்ரண்டு மணித்தியாலம். ஜட்ஜ் இங்கிலீசில கேட்டா நீங்கள் சொல்லித் தருவியள்தானே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அந்த இடத்தில் இரண்டுக்கும் அனுமதி இல்லை. மூன்று பேரையும் வெளியே அழைத்துவந்து, எதிரிலிருந்த காபிக் கடையில் உட்கார வைத்து, சொன்னேன். வழக்கு இல்லை. ஜட்ஜ் இல்லை. தவணை என்று நான் சொன்னது நேரம். வெறும் நேரம். பேப்பரைச் சரியாகப் பார்க்க வரி அலுவலகம் கொடுத்த நான்கு வாரம்.

சிவகுமார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப... என்னில கேஸ் இல்லையோ?"

"இல்லை."

"நான் கேட்டது பிழை எண்டு ஒண்டும் எழுதேல்லையோ?"

"சரின்னுதான் எழுதியிருக்காங்க. ஒரே வரி. பாருங்க." மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். ஒரு பொத்தான்தான். அதற்கே ஆள் இரண்டங்குலம் உயர்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் சுதா வெடித்தார்.

"நாலு கிழமை! நாலு கிழமை இந்த மனுசன் நித்திரை கொள்ளேல்லை அக்கா! தன்னை மறியலில பிடிச்சு அடைச்சா ஆர் காரைச் சேர்விஸுக்கு விடுறது எண்டு எனக்குப் பாடம் எடுத்தவர். நான் பட்டுச் சீலையை ட்ரை க்ளீனிங்குக்குக் குடுத்து எடுத்தனான், ஜட்ஜுக்கு மரியாதையா இருக்கட்டும் எண்டு!"

அந்தச் சேலைக்கு இன்றுவரை நான் கடன்பட்டவள்.

உதயகுமாரின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வெள்ளிக்கிழமை. தேதி, தொகை, கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை.

"இப்படி ஒரு நோட்டு இருக்குன்னு ஏன் சொல்லல?" என்றேன் சிவகுமாரிடம்.

"எனக்கு நினைவே இல்லை அக்கா. அவன் நீட்டுவான், நான் கையெழுத்து வைப்பன். என்னை நம்பேல்லையாக்கும் எண்டு உள்ளுக்க ஒரு கோவம் வேற."

"உன்னை நம்பேல்லை எண்டில்லை மச்சான்," என்றார் உதயகுமார் வெட்கத்தோடு. "எனக்கு மறதி."

அந்த மறதிக்காரரின் புத்தகத்தை வைத்து அன்று மதியமே சிவகுமாரின் வரிக் கணக்கை அனுப்பினோம். அவருடைய கைகளுக்கு மட்டும் உரிய கணக்கு. நான்கு வாரத்துக்கு முன்னால் அனுப்பியிருந்தால் அதே படிவம், அதே பெயர், அதே கையெழுத்து, ஆனால் பொய். இதைத்தான் சொல்ல வருகிறேன். நேரம் கேட்பதன் லாபம் என்னவென்று யாராவது கேட்டால், அபராதம் தப்பும், திருத்தம் தப்பும், தாமதமாக வரும் பேப்பர் வந்து சேரும் என்று பட்டியல் போடுங்கள், எல்லாம் உண்மை. ஆனால் என் அனுபவத்தில் பெரிய லாபம் வேறு. சில பேப்பர்கள் தபாலில் வருவதில்லை. ஒரு மனிதர் மனம் மாறி, இன்னொரு மனிதரைத் தேடிப் போன் செய்து, அவர் லீவு சொல்லி, பஸ் ஏறி, மடியில் வைத்துக் கொண்டு வந்தால்தான் வருகின்றன. அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எந்தப் படிவத்திலும் அச்சடித்திருக்காது.

குடியுரிமை பிறகு நல்லபடியாகக் கிடைத்தது. அதற்கும் இந்த வரிக் கணக்குக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் சிவகுமார் நம்புவதில்லை. நம்பாமலே இருக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டியது அன்று மதியம் என் அறையில் நடந்த கடைசி ஐந்து நிமிடத்தைப் பற்றி.

எல்லாம் முடிந்து, சுதாவின் பெட்டியிலிருந்த இடியப்பமும் சொதியும் என் மேசைமேல் பாதி காலியாகிவிட்டிருந்தன. சிவகுமார் நன்றி சொல்லிப் புறப்படத் தயாராக நின்றார். உதயகுமார் மட்டும் எழுந்திருக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னடா, பஸ்ஸுக்கு நேரமாகுது," என்றார் சிவகுமார்.

"அக்கா," என்றார் அவர், அட்டையைப் பார்த்தபடியே. "இந்தப் பாதிக் காசு என்ர எண்டு இப்ப எழுதியாச்சு. ஆனா நான் இன்னும் ஒண்டும் போடேல்லை. ஒரு ஏஜென்ட்டிட்டையும் போகேல்லை. ஒக்டோபர் முடிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும், இனி நேரம் கேட்டாலும் தர மாட்டினம். கேக்கிறதே பிழை."

நான் வாயைத் திறந்தேன். நாள் தாண்டிய பிறகு கேட்பது கடினம், ஆனால் அவர்கள் தேடி வருவதற்கு முன்னால் நாமே போய் நிற்பதற்கு ஒரு மதிப்பு உண்டு, காரணத்தை உள்ளபடி எழுதுவோம் என்று, இந்தத் தொழிலில் எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே பேச்சை எடுக்கப் போனேன். அதற்குத் தேவை வரவில்லை.

"தர மாட்டினம் எண்டு நீ ஏன் சொல்லுறாய்?" என்றார் சிவகுமார். போர்வை கேட்ட நாளிலிருந்து ஒன்றும் கேட்காத மனிதர், வெள்ளைச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, நண்பனுக்குப் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தார். "இல்லை எண்டு சொல்லுறது அவையின்ர வேலை. அவைக்கு அதுக்குச் சம்பளம் குடுக்கினம். நீ என்னத்துக்கு அதைச் சும்மா செய்யிறாய்? கேள்!"

உதயகுமார் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் அதற்குள் புதிய படிவத்தில் அவருடைய பெயரை அடிக்கத் தொடங்கியிருந்தேன்.